குழாய் ஒன்று சொல்ல, கம்பி வேறு சொல்ல

கொழுந்தன் வாளியோடு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும், அளவுக்காரி கையிலிருந்த டீயை அப்படியே மேஜையில் வைத்தாள்.

போகும்போது அவன் வலது தோள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பியபோது அதே வாளி அவன் சுண்டுவிரலில் ஊஞ்சல் ஆடியது. நிறைத்துக்கொண்டு போகிறான், காலி செய்துவிட்டு வருகிறான். போன வாரமும் இதே கூத்து. அதற்கு முந்தின வாரமும் இதே கூத்து. ஒவ்வொரு தடவையும், அவள் அளவெடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலையில்.

அங்கேதான் அவளுக்கு மூக்கு வியர்த்தது.

அவள் உட்கார்ந்திருந்தது சதுப்பின் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகை. ஒரு மேஜை, கால் ஆடும் நாற்காலி, சுவரில் சாத்திய இரும்புக் கம்பிகள், சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. சதுப்பில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, நிலம் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று வாரா வாரம் அளந்து சொல்வது அவள் வேலை. ஊருக்கு அவள் அளவுக்காரி. கொழுந்தனுக்கு முகத்துக்கு நேரே 'அண்ணி', முதுகுக்குப் பின்னால் 'சி.ஐ.டி.' அடுப்பில் பால் பொங்கினால்கூட, தீயைக் கூட்டியது யார் என்று விசாரணை வைப்பவள் என்பது அவன் புகார். அவனுக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லையா? அவன் வாயைத் திறந்தால் நாலு வீடு தள்ளித் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். அதனால் அவன் 'மைக்செட்'.

அந்த மைக்செட் இப்போது சத்தமே இல்லாமல் பூனை நடை நடக்கிறது என்றால் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

கொட்டகைக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு நிலம். ஆபீஸ்காரர்கள் அதை 'பீட்' என்பார்கள். மற்றவர்களுக்குக் கருஞ்சேறு. ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் செத்த செடிகொடிகள் தண்ணீரில் ஊறி, முழுசாக மக்கவும் வழியில்லாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும் இடம். ஒரு தலைமுறைக்கு முன்னால் யாரோ அதில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துக் காய்கறி போட்டார்கள். கொஞ்ச காலம் அமோகமாக விளைந்தது. அப்புறம் நிலம் காய்ந்து சுருங்கிக் கீழே இறங்க ஆரம்பித்தது. வெயில் காலத்தில் தானாகவே புகைந்தது. உள்ளே பூட்டிக் கிடந்த கரி புகையாகிக் காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

பிறகு கம்பெனி வந்தது. வாய்க்கால்களை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினால் கரி வெளியே போகாது. அப்படிப் போகாமல் நிற்கும் கரிக்கு, எங்கோ புகை விடுகிற பெரிய ஆலைகள் காசு கொடுக்கும். அதற்குப் பெயர் கார்பன் கிரெடிட். சதுப்பை ஒட்டி வயல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னதும் முதலில் எழுந்தவன் மைக்செட்தான்.

"போகாத புகைக்குக் காசா? அப்ப நான் குடிக்காத சாராயத்துக்கும் யாராவது காசு குடுப்பாங்களா?"

பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "குடிக்காம இருந்து காட்டுங்க, நானே குடுக்கறேன். உக்காருங்க."

கூட்டம் சிரித்தது. அவன் உட்காரவில்லை. அவன் மனைவிதான் அடுத்த யோசனையையும் சொன்னாள். தண்ணீர் நின்றால் என்ன, அதிலேயே சம்பங்கோரை நடலாம், ஆளுயரம் வளரும், அதை அழுத்திச் சுவருக்குப் பலகை செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றாள். மைக்செட்டுக்கு வந்ததே ஆத்திரம்.

"சம்பங்கோரையா? வயல்ல களையா வந்தா புடுங்கி எறியற சம்புப் புல்ல, நாத்துப் பாவி நடணுமா? அந்தத் தண்ணியில தவளைதான்டி விளையும். நான் அங்க ஒரு சம்பு நட்டேன்னா இந்த மீசைய எடுத்துடறேன்!"

சொல்லிவிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டான். சுற்றிலும் எல்லோரும் சேர்ந்த பிறகு அவன் வயல் மட்டும் தனியாக எப்படிக் காயும்?

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது. யாராவது திருட்டுத்தனமாகத் தண்ணீரை வடித்தால் அந்த வயலைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் அவ்வளவுதான். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் பழைய பயிரும் வராது, புதுப் பங்கும் கிடையாது. குடும்பத்தைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது அளவுக்காரியின் தலையைக் குடைந்தது இதுதான். ஒவ்வொரு வயலோரத்திலும் இரண்டு சாட்சிகள் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று குழாய். சேற்றுக்குள் இறக்கிய, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய். நிலத்துக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாய்க்குள்ளும் நிற்கும். இன்னொன்று கம்பி. சேற்றைத் துளைத்து, அதற்கும் அடியில் இருக்கிற கெட்டிக் களிமண்ணில் இறுகப் பதித்த இரும்பு. கம்பி அசையாது, நிலம்தான் அசையும். சேறு தண்ணீர் குடித்து உப்பினால், வெளியே தெரியும் கம்பி குட்டையாகும். வறண்டு சுருங்கினால் நெட்டையாகும்.

அணை கட்டி ஒரு மழைக்காலம் போனபின், எல்லா இடத்திலும் குழாயில் தண்ணீர் ஏறியது, கம்பி குட்டையானது. மைக்செட்டின் வயலோரத்தில் மட்டும் குழாய் நிறைந்து நின்றது, ஆனால் கம்பி ஒரு விரல்கூடக் குட்டையாகவில்லை.

இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. கம்பிக்குப் பொய் சொல்லத் தெரியுமா? இரும்பு. அடித்த இடத்தில் நிற்கும். அதுவும் அவளே கூட நின்று அடிக்கவைத்த கம்பி. ஆனால் குழாயில் யார் வேண்டுமானாலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகலாம். ஓட்டைகளைச் சேறு அடைத்திருந்தால் அது மறுநாள் வரைக்கும் நிற்கும்.

வாளி.

அன்று மதியமே கம்பெனி மேனேஜர் வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர். எதற்கெடுத்தாலும் 'சிம்பிள்' என்பார். காதில் பேனா, கையில் போன்.

"அக்கா, நாளன்னிக்கு சரிபார்க்கறவங்க வர்றாங்க. அவங்க ஓகே சொன்னாத்தான் கிரெடிட் கைக்கு வரும். எல்லா இடமும் ஜோரா இருக்கு, அந்த ஒரு வயலோரத்தத் தவிர. யாரோ அங்க தண்ணிய வடிச்சுட்டு, குழாய்ல மட்டும் ஊத்தி வைக்கறாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் என்ன சார் நினைக்கறது?"

"நீங்க நினைக்காத ஆளா?" என்று சிரித்தார். "உங்க கொழுந்தன் வயல்னு யோசிக்காதீங்க. யாராவது அந்தப் பக்கம் போறத வர்றதப் பாத்தீங்களா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் சந்தேகம் என்பது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி, யாராவது முதுகில் தட்டினால் வெளியே வந்துவிடும்.

"கொழுந்தன்தான் வாளியோட போறாரு. காலைல."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேனேஜர் காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "அவ்வளவுதான். சிம்பிள். நாளன்னிக்கு அவங்க முன்னாடி இதையே சொல்லிடுங்க."

வீடு இரண்டு பாகம். நடுவில் ஒரு மரத்தடுப்பு. அந்தப் பக்கம் மைக்செட் கும்பல், இந்தப் பக்கம் அளவுக்காரியும் புருஷனும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் முகம் துடைக்கலாம்.

புருஷன் அணை கட்டுகிற குழுவின் தலைவர். வாய்க்காலின் குறுக்கே பலகை இறக்கி, சேறு அப்பித் தண்ணீரை நிறுத்துகிற வேலை. கையெல்லாம் சிராய்ப்பு, வாயில் எப்போதும் ஒரு 'பாத்துக்கலாம்'.

"என்னங்க, உங்க தம்பி வயலோரத்து அணையில பலகையை யாராவது உருவறாங்களா?" என்றாள், குரலை அடக்கி.

"இல்லையே. கல்லு மாதிரி நிக்குது. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்கறது எனக்குத் தெரியாதா? யார் கழுத்துல சுருக்குப் போடற?"

அவர் அவசரமாக எழுந்து சட்டையை உதறியது அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் கூட்டுக் களவாணிகளா? அணைக் குழுத் தலைவர் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டால் போதுமே, வடிகிற தண்ணீர் வடிந்துவிடும்.

அந்த நேரத்தில் தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓரகத்தி வந்தாள், கையில் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி. முழங்கை வரை கறுப்புச் சேறு.

"அக்கா, இதப் பாருங்க. நான் சந்தைக்குக் கிளம்பற நாள்லதான் இந்த ஆளு சேத்துல குளிச்சுட்டு வர்றாரு. கேட்டா, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்றாரு. வாரா வாரம், அதே கிழமையில, ஒரு மனுஷன் வழுக்கி விழுவாரா?"

"நீ என்ன நினைக்கற?"

"எவளோ இருக்கா."

"சேத்துலயா?"

"ஏன், சேத்துல இருக்கக் கூடாதா? இந்த மூஞ்சிக்கு மாடி வீட்டுக்காரியா கிடைப்பா?"

தடுப்புக்கு அப்பாலிருந்து மைக்செட் முழங்கியது. "அங்க என் மூஞ்சியப் பத்தி என்ன மாநாடு?"

"உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு தம்பி, கைதான் அழுக்கா இருக்கு" என்றாள் அளவுக்காரி, வேண்டுமென்றே.

எப்போதும் இதற்கு நாலு பதில் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. அந்த அமைதிதான் அவளுடைய சந்தேகத்தை உறுதியாக்கியது. சந்தை நாள் என்பது அவளுக்குக் கணக்கில் வந்திருக்க வேண்டும். அளவெடுக்கும் நாளுக்கு முதல் நாள்தான் சந்தை நாள், அவன் மனைவி வீட்டில் இல்லாத நாள். ஆனால் அப்போது அவள் மனம் ஒரே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சதுப்பில் நடப்பதற்குப் பலகைப் பாதை போட்டிருந்தார்கள். பலகையை விட்டுக் கீழே கால் வைத்தால் சேறு அமுங்கும், அளவு கெடும். பனி மூட்டத்தில் பலகை ஈரமாக வழுக்கியது. கொழுந்தன் வயலோரத்துக் குழாயைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், அவன் வயலுக்குப் போகிற வழியில், புதிய கால்தடங்கள்.

அவள் ஒரு திட்டத்தோடுதான் வந்திருந்தாள். சின்னக் கைப்பம்பு கொண்டுவந்திருந்தாள். குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் முழுவதையும் உறிஞ்சி வெளியே எடுத்துவிடுவது. ஊற்றிய தண்ணீர் என்றால், போனது போனதுதான், திரும்ப வராது. நிலத்துத் தண்ணீர் என்றால், ஓட்டை வழியாகக் கசிந்து பழைய மட்டத்துக்கு ஏறும். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட வேறு வழி இல்லை.

உறிஞ்சினாள். குழாய் காலியானது. டேப்பை இறக்கினாள். தண்ணீரைத் தொட்டால் கீச்சிடுகிற டேப் அது. சத்தமே இல்லை. பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றினாள்.

டீ ஆறுவதற்குள் டேப் கீச்சிட்டது.

அவள் டேப்பை மேலே தூக்கி மறுபடி இறக்கினாள். இன்னும் கொஞ்சம் மேலேயே கீச்சிட்டது. அப்புறம் இன்னும் மேலே. தண்ணீர் யாருக்கும் பயப்படாமல் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷத்துக்குப் பதிலாக ஏமாற்றமாக இருந்தது. குழாய் யோக்கியன். அப்படியென்றால் கொழுந்தன் வாளியில் என்ன கொண்டுபோகிறான்?

கால்தடங்களின் மேலேயே நடந்தாள். இனி அளவு கெட்டால் கெடட்டும். வயலின் கோடியில் புதர் மறைவில் ஒரு முதுகு குனிந்திருந்தது. முழங்கால் வரை தண்ணீர், பக்கத்தில் வாளி. வாளிக்குள் வேரோடும் சேற்றோடும் பிடுங்கிய இளங்குருத்துகள். அவனைச் சுற்றி, வரிசை பிடித்து நட்டதுபோல, பச்சைக் கத்திகள் மாதிரி நிமிர்ந்து நின்றது சம்பு.

இன்று சந்தை நாள்கூட இல்லை. அவசரம் போலிருக்கிறது.

"தம்பி!"

மைக்செட் திரும்பிய வேகத்தில் தண்ணீரில் உட்கார்ந்தே விட்டான். முழித்த முழியில் இரண்டு கண்ணும் வெளியே வந்துவிடும் போலிருந்தது. முதலில் அவன் கை போனது மீசைக்கு.

"அண்ணி, கத்தாதீங்க! அவ காதுல விழுந்துச்சுன்னா நான் செத்தேன்."

"இதுக்குத்தானா வாளி?"

"பின்ன எதுக்கு? சதுப்போட அந்தப் பக்கத்து வாய்க்கால்ல கிடக்குது, பிடுங்கிட்டு வந்து நடறேன். பலகை செய்யற ஆளு நேர்ல பாத்துட்டு, வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரு." எழுந்து நின்றான். கால்சட்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அவ சொன்னதுதான் சரி. ஆனா ஊரே கூடின இடத்துல மீசைய வெச்சுப் பேசிட்டேனே. நல்லா வளர்ந்தப்புறம், தானா முளைச்சுதுன்னு சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

"வரிசையா முளைச்சுதுன்னா?"

"நம்ம ஊரு சம்பு ஒழுக்கமான சம்புன்னு சொல்லுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே மேனேஜரின் முகம் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது.

"தம்பி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க பேரச் சொல்லிட்டேன். குழாய்ல தண்ணி ஊத்தறது நீங்கதான்னு நினைச்சேன். நாளைக்கு உங்க வயல நீக்கிடுவாங்க."

அவன் முகத்திலிருந்து விளையாட்டு மொத்தமும் வடிந்தது. "நானா? எதுக்கு? என் அண்ணன் கட்டின அணை அது."

"கம்பி குட்டையாகல. அதனால."

"எந்தக் கம்பி? நீங்க அன்னிக்குக் கதவு தட்டினீங்களே, அந்தக் கம்பியா?"

"என்ன கதவு?"

"மறந்துட்டீங்களா? நீங்க பிடிச்சுக்கிட்டு நின்னீங்க, அண்ணன் சம்மட்டியால அடிச்சாரு. டொக்குன்னு சத்தம் வந்துச்சு. நான் வரப்புல நின்னுக்கிட்டு, உள்ள யாரோ இருக்காங்க அண்ணி, கதவத் திறக்கச் சொல்லுங்கன்னு கத்தினேன். நீங்க ஒரு முறை முறைச்சீங்க பாருங்க!"

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று இவன் கேலி தாங்காமல்தான், 'களிமண்ணுதான், நிறுத்துங்க' என்று வெடுக்கென்று சொன்னாள். மற்ற இடங்களில் துண்டு துண்டாகக் கம்பியைத் திருகிச் சேர்த்து, மேலும் மேலும் இறக்க வேண்டியிருந்தது. இங்கே பாதியிலேயே முடிந்துவிட்டது. ஆழம் குறைவான இடம், வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள். களிமண் கம்பியைச் சத்தமில்லாமல் கவ்வும். டொக்கென்று பதில் சொல்லாது.

கொட்டகைக்கு நடந்தாள். சுவரில் சாத்தியிருந்த மெல்லிய கம்பிகளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பழைய கம்பிக்கு ஒரு தப்படி தள்ளி, ஒன்றை நட்டுக் கையால் அழுத்தினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. அடுத்த துண்டைத் திருகினாள். அதுவும் இறங்கியது. பழைய கம்பி நின்றுவிட்ட ஆழத்தையும் தாண்டி, இன்னும் கீழே, இன்னும் கீழே. கடைசியில் மெத்தென்று பிடித்து நின்றது. சத்தமே இல்லை.

"அப்ப அது?" என்றான் கொழுந்தன், பழைய கம்பியைக் காட்டி.

"கட்டை" என்றாள். "என்னைக்கோ சாஞ்ச மரம். சேத்துக்குள்ள அழுகாம கிடக்குது. அது மேலதான் கம்பி உக்காந்திருக்கு. கீழ இருக்கற சேறு உப்பினா, கட்டை மேல வரும். கட்டையோட கம்பியும் மேல வரும். அப்புறம் எப்படிக் குட்டையாகும்?"

இத்தனை நாளும் யோக்கியன் மாதிரி நின்றது கம்பிதான். பொய் சொன்னதும் அதுதான். அதைச் சொல்ல வைத்தது அவள்.

மேனேஜருக்கு உடனே போன் போட்டாள். அவர் அடுத்த அரைமணியில் கொட்டகைக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி அவள் பார்த்ததே இல்லை.

"அக்கா, நாளைக்குக் கம்பி தப்புன்னு சொன்னீங்கன்னா, அவங்க அடுத்ததா என்ன கேப்பாங்க? மத்த கம்பியெல்லாம் யார் அடிச்சதுன்னு கேப்பாங்க."

"நான்தான்."

"அப்ப அதெல்லாம் சரின்னு என்ன நிச்சயம்? மொத்தத்தையும் நிறுத்தி வைப்பாங்க. எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கு, யோசிங்க. ஒருத்தர் தண்ணி ஊத்தினார்னு போனா, ஒரு வயலோட முடிஞ்சுது. சிம்பிள்."

"அவர் ஊத்தலையே சார்."

"ஊத்தினார்னு நான் சொல்லச் சொல்லல. வாளியோட போனதப் பாத்தீங்கல்ல? அதை மட்டும் சொல்லுங்க. மீதிய அவங்களே நினைச்சுக்குவாங்க."

அவர் போன பிறகு அவள் நெடுநேரம் அந்த வார்த்தையையே அசைபோட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததை மட்டும் சொல். அவளும் அப்படித்தானே ஆரம்பித்தாள்? ஒரு தோள் சாய்ந்திருந்தது, ஒரு வாளி ஆடியது. மீதியை அவளே நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னபோது அவர் 'பாத்துக்கலாம்' சொல்லவில்லை. சம்மட்டி பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தானே அடிச்சேன்" என்றார்.

"நிறுத்தச் சொன்னது நான்."

"குழுவுல எல்லாரும் நம்மளத் திட்டுவாங்க."

"திட்டட்டும்" என்றாள்.

சரிபார்க்க வந்த அம்மா குள்ளமாக, தன் அளவுக்குப் பெரிய பூட்ஸ் போட்டிருந்தார். அதிகம் பேசவில்லை. வணக்கம் சொன்னவர்களையும் குழாயையும் ஒரே பார்வைதான் பார்த்தார். மேனேஜர் முன்னால், அணைக் குழுவினர் பின்னால். கொழுந்தனும் ஓரகத்தியும் தங்கள் வயல் வரப்பில் நின்றார்கள். விஷயம் தெரியாத ஓரகத்தி புதுச் சேலை கட்டியிருந்தாள். கொழுந்தன் வாயைத் திறக்கவே இல்லை. அண்ணி என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அவள் அவனுக்கு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

கயிற்று வட்டத்துக்கு வந்ததும் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"இங்க மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் மேடம். குழாய் நல்லாக் காட்டுது, கம்பி காட்டல. அக்கா ஒண்ணு பாத்திருக்காங்க. சொல்லுங்கக்கா."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"பாத்தேன்" என்றாள் அளவுக்காரி. "என் கொழுந்தன் வாளியோட போனதப் பாத்தேன். குழாய்ல தண்ணி ஊத்தறார்னு நினைச்சேன். நினைச்சது தப்பு. தண்ணிய உறிஞ்சிப் பாத்தேன், திரும்ப ஏறுது. நீங்களும் பாருங்க. தப்பு கம்பியில இருக்கு. அது களிமண்ணத் தொடல, கட்டை மேல நிக்குது. பிடிச்சது நான், போதும்னு சொன்னதும் நான்."

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். குழுவில் யாரோ 'அடக் கடவுளே' என்றார்கள்.

சரிபார்க்கிற அம்மா பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துக் கம்பியின் தலையில் தட்டினார். டொக். பக்கத்தில் அவள் நேற்று இறக்கிய கம்பியைத் தட்டினார். சத்தம் சேற்றுக்குள்ளேயே செத்தது. குழாயை உறிஞ்சச் சொல்லி, பலகையிலேயே உட்கார்ந்து, டேப் கீச்சிடும் வரை காத்திருந்தார்.

"மத்த கம்பியெல்லாம் யார் அடிச்சது?"

"நான்தான். எல்லாமே."

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒண்ணு இறக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வருஷம் கம்பிக் கணக்க எடுத்துக்க மாட்டேன். குழாய மட்டும் எடுத்துக்கறேன். கிரெடிட் கைக்கு வர்றது தள்ளிப் போகும், பரவாயில்லை." எழுந்தார். பிறகு வரப்புப் பக்கம் திரும்பினார். "வாளியில என்ன இருந்துச்சு?"

அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அளவுக்காரிகூட.

"அது வந்து..." என்றான் கொழுந்தன்.

"தண்ணி இல்லைன்னா என்ன? சேறா? இங்கேருந்து எதுவும் வெளிய போகவும் கூடாது, உள்ள வரவும் கூடாது. தெரியாம நான் கையெழுத்துப் போட முடியாது."

ஓரகத்தி அவன் பக்கம் திரும்பினாள். சட்டைச் சேறு, சந்தை நாள், வாளி எல்லாம் அவள் கண்ணில் வரிசையாக ஓடுவது தெரிந்தது. "சொல்லுங்க. யாரவ?"

"யாரும் இல்லடி!" இரண்டு நாளைக்குப் பிறகு மைக்செட் முழு வேகத்தில் முழங்கியது. சதுப்பின் அந்தக் கோடியில் ஒரு கொக்கு எழுந்து பறந்தது. "சம்பு! சம்பு நாத்து! புதருக்குப் பின்னாடி போய்ப் பாரு!"

அவள் போனாள். அந்த அம்மாவும் பின்னாலேயே போனார். புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தியின் சிரிப்பு கேட்டது. அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

திரும்பி வந்தவள், புருஷன் முன்னால் நின்று கையை நீட்டினாள், எதையோ வாங்கிக்கொள்பவள் மாதிரி. "மீசை?"

வயல் நீங்கவில்லை. மீசை நீங்கியது.

அடுத்த வாரம் முழுக்க ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் புதுக் கம்பி இறக்கினார்கள். கூலி தள்ளிப்போன கோபத்தில் குழுவில் பாதிப் பேர் அளவுக்காரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேனேஜர் 'சிம்பிள்' என்பதை நிறுத்தியிருந்தார். அவள் அவரிடம் எதைக் கேட்டாலும், முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பழைய கம்பிகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் வாய்க்கால் வளைவில் இன்னொரு கட்டை அகப்பட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு எந்தக் கம்பி மேலும் நம்பிக்கை இல்லை, தன் காது மேலும் இல்லை.

கடைசிக் கம்பியைக் கொழுந்தன் பிடித்துக்கொண்டான். மேலுதடு வெளுத்து, பார்க்க யாரோ அடுத்த வீட்டுக்காரன் மாதிரி இருந்தான். புருஷன் சம்மட்டியை ஓங்கினார். இரும்பு இறங்கியது, இறங்கியது, நின்றது. சத்தம் வந்ததா, வரவில்லையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

"என்ன அண்ணி, களிமண்ணா, கட்டையா? உள்ள யாராவது இருக்காங்களா?"

அவள் கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் கேலிக்கு முறைக்கக்கூட இல்லை.

"தெரியல" என்றாள். "இன்னொரு அடி போடுங்க."